நீலச் சதுரமும் ஒற்றைக் காது மூட்டையும்

1

நான் கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. அதை எப்படியோ தெரிந்துகொண்டு, ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு "வெளிநாட்டு வாழ்க்கை பற்றி நாலு பக்கம்" வேண்டும் என்று அப்பா மூலமாகக் கேட்டிருக்கிறார்கள். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரியும். முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

அ. பனி: இருக்கிறது.

ஆ. ஆப்பிள்: இருக்கிறது. நம் கொடைக்கானல் பேரிக்காய்க்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

இ. நேரந்தவறாமை: பேருந்துகளிடம் இருக்கிறது. மலைமேல் கூக்கால் போகும் பஸ்ஸுக்காக அரை நாள் காத்திருந்து வளர்ந்தவளுக்கு இது ஒரு வகை அவசரமாகத்தான் படுகிறது.

ஈ. பிள்ளைகள் தமிழை மறப்பது: எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை. ஆகவே தமிழை மறக்கும் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் "கொத்தமல்லி" என்ற சொல் பத்து நிமிடம் வரவில்லை. மாடி வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் ஆறு வயது மகளிடம் கேட்டேன். அவள் சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

உ. அரசாங்க அலுவலகம்: வேலை அனுமதியைப் புதுப்பிக்க வருடத்துக்கு ஒரு முறை போகிறேன். படிவத்தில் பிறந்த நாடு என்ற கட்டத்தில் இலங்கை, குடியுரிமை என்ற கட்டத்தில் இந்தியா, வசிக்கும் நாடு என்ற கட்டத்தில் கனடா என்று எழுதுவேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மையார் மூன்றையும் விரலால் தொட்டுவிட்டு, "இதில் எது தவறு?" என்று கேட்பார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி கப்பலேற்றப்பட்டு, மண்டபம் முகாம் வழியாக வடகவுஞ்சிக்கு மேலே குடியேறிய கதையைச் சொல்லத் தொடங்குவேன். பின்னால் வரிசை நீளும். "மூன்றும் சரிதான்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இனி என் வேலை.

2

நான் கணினி நிறுவனம் ஒன்றில் குறை கண்டுபிடிக்கிறேன். இதற்குச் சம்பளம் தருகிறார்கள். ஊரில் இதை இலவசமாகச் செய்தபோது "வாய்க் கொழுப்பு" என்றார்கள்.

கணினியை இன்னும் பார்க்காதவர்களுக்காக: தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி ஒன்று மேசைமேல் இருக்கும். அதன் திரையில் இன்னொரு மேசையை வரைந்திருக்கிறார்கள். அந்த மேசையில் காகிதங்கள், கோப்புகள், ஓர் அலமாரி. பக்கத்தில் வயர் வைத்த சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு எலி என்று பெயர். எலியை நகர்த்தினால் திரையில் ஓர் அம்பு நகரும். அம்பைப் படத்தின்மேல் வைத்து எலியின் முதுகில் அமுக்கினால் காகிதம் திறக்கும். இதற்கு முன்பெல்லாம் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இப்போது எதையும் படிக்க வேண்டாம், பார்த்தாலே புரியும் என்பதுதான் எங்கள் விளம்பரம்.

பார்த்து நான் புரிந்துகொண்டவை:

முதலாவது, குப்பைக் கூடையை மேசைமேல் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த அலுவலகத்தில் குப்பைக் கூடை மேசைமேல் இருக்கிறது? அதுவும் அலமாரிக்கு ஒட்டினாற்போல், அதே அளவில், அதே வடிவில். கூடைக்கு மேலே மூன்று கோடு, அலமாரிக்கு நடுவே இரண்டு கோடு. வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டாவது, கீழ்நோக்கிய அம்பை அமுக்கினால் காகிதம் மேலே போகிறது.

மூன்றாவது, பயன்படுத்த முடியாத சொற்களைச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறார்கள். நல்லது. தலைப்புகளையும் அழகுக்காகச் சாம்பல் நிறத்திலேயே காட்டுகிறார்கள். அதனால் புதிதாக வருபவர்கள் பாதி நேரம் தலைப்புகளை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள்; மீதி நேரம் எதையுமே தொடப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான்காவது குறைக்காகத்தான் இந்தக் கட்டுரை. திறந்த ஒவ்வொரு காகிதத்தின் வலது மூலையிலும் இரண்டு சின்னச் சதுரங்கள் உண்டு. பச்சைச் சதுரம், காகிதத்தைப் பத்திரப்படுத்தி மூடும். நீலச் சதுரம், எழுதியதைக் கடாசிவிட்டு மூடும். கேள்வி கேட்காது. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம், நடுவில் மயிரிழை இடைவெளி.

இதை வரைந்தவர்களின் மேசைகளில் வண்ணத் திரைகள் இருக்கின்றன. அவற்றில் பச்சையும் நீலமும் பூச்சந்தையில் மரிக்கொழுந்தும் ஊதாப்பூவும் வைத்ததுபோல அழகாக இருக்கும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் விலை குறைந்த ஒற்றை நிறத் திரைதான் வாங்குவார்கள். அதில் இரண்டு சதுரமும் ஒரே சாம்பல்.

இதை எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவின் மேலாளர் கோர்டன், நல்ல மனிதர்தான், தாளைத் திருப்பிக் கொடுத்தார். "பழகிவிடும்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

3

டோரதி எங்கள் அலுவலகத்தின் தட்டச்சர். ஐம்பத்தெட்டு வயது. காலையில் வந்ததும் நாற்காலியில் தன் பின்னல் சட்டையை மாட்டுவார், கண்ணாடியைத் துடைப்பார், எனக்கு ஒரு மிட்டாய் தருவார். நான் வேண்டாம் என்பேன். மறுநாளும் தருவார். என் பெயரை மூன்று வருடமாகத் தப்பாகச் சொல்கிறார், ஆனால் ஒரே மாதிரியான தப்பாக.

தட்டச்சு இயந்திரத்தை விட்டுவிட்டுக் கணினிக்கு மாற வேண்டும் என்று அவருக்கு உத்தரவு வந்தது. அவருக்குக் கொடுத்தது ஒற்றை நிறத் திரை. கண்காட்சிக்கான கையேட்டைக் காலையில் உட்கார்ந்து மாலை வரை, நாற்பது பக்கம் தட்டினார். முடித்ததும் மூலையில் இருந்த சதுரத்தை அமுக்கினார். கையேடு மறைந்தது.

"எங்கே போயிருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். மேசைக்குக் கீழே வேறு குனிந்து பார்த்தார். சிரிக்கத் தோன்றியது. அடுத்த நிமிடம் தோன்றவில்லை. அவர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தட்டத் தொடங்கியிருந்தார்.

அந்த மாதத்தில் இது அவருக்கு மூன்றாவது முறை. விசாரணைத் தாள் என் மேசைக்கு வந்தது. குறை கண்டுபிடிப்பவள் நான் அல்லவா? அந்தத் தாளில் கடைசியாக இரண்டு கட்டங்கள்: "பிழை பயனருடையது", "பிழை அமைப்பினுடையது".

கோர்டன் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"முதல் கட்டத்தில் குறியிட்டுவிடுங்கள்" என்றார்.

"குறியிட்டால் டோரதிக்கு என்ன ஆகும்?"

"அவர் களைத்துவிட்டார். ஓய்வு அவருக்கு நல்லது."

"சம்பளத்தோடா?"

அவர் மேசைமேல் இருந்த என் வேலை அனுமதிப் படிவத்தைத் தட்டினார். "உங்களுக்கான சிபாரிசுக் கடிதத்தை இன்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்ல கடிதம். நிதானமானவர், கூட்டாகப் பணியாற்றத் தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறேன். நீங்களே யோசியுங்கள். சதுரம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. நிறமும் சரி. பார்த்து அமுக்க வேண்டியது அவர் பொறுப்பு இல்லையா?"

நான் "யோசிக்கிறேன்" என்று சொல்லி வந்துவிட்டேன். உண்மையில் யோசிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை இதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். சொன்ன குரல் என்னுடையது.

4

எங்கள் குடியிருப்பின் உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சாலையோரத் தகரக் கொட்டகையில்தான் அடுக்குவார்கள். விடியும் முன்னே, வெள்ளனே லாரி வந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும். அடுத்த விதைப்புக்கான விதைக் கிழங்கும் அதே கொட்டகையில்தான் இருக்கும். எங்கள் வீடுகளின் கூரை அப்படி ஒழுகும். கொட்டகைக்குப் பொறுப்பு என் அப்பா. விளைவித்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்த வேலை அது.

மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைக்கும்போது இரண்டு மூலையிலும் கொஞ்சம் சாக்கைத் திரட்டிக் கட்டி விடுவார்கள். காது என்று பெயர். சுமப்பவர் அதைப் பிடித்துத்தான் தூக்குவார். எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. விற்பனை மூட்டைக்கு இரண்டு காது, விதை மூட்டைக்கு ஒற்றைக் காது. மூடுபனியில் முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியாது. கொட்டகைக்கு ஓர் அரிக்கேன் விளக்கு. சுமப்பவர் இரண்டு கையையும் நீட்டுவார். ஒரு கைக்குக் காது கிடைக்காவிட்டால் அந்த மூட்டையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். அவ்வளவுதான்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், அப்பாவின் உள்ளங்கையில் கோணி ஊசி ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. கொடைக்கானல் ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான் அவருக்குப் பதிலாகத் தைத்தேன். நான் யார்? வடிவியலில் பள்ளியிலேயே முதல் பரிசு வாங்கியவள். ஒற்றைக் காது மூட்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, அரைகுறையாக, படிக்காதவர்கள் செய்த வேலையாகத் தெரிந்தது. எல்லா மூட்டைக்கும் அழகாக இரண்டு காது வைத்தேன். வித்தியாசம் தெரிய வேண்டாமா? தட்டை வைத்து வட்டம் போட்டு, விற்பனைக்குக் கறுப்பு வட்டம், விதைக்குச் சிவப்பு வட்டம். நண்பகல் வெயிலில், பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்கலாம்போல இருந்தது.

அன்று மாலையே மூட்டைகளைக் கணக்கிட வந்த இருளப்பண்ணன், லாரியில் ஏற்றி இறக்குபவர், பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ பாப்பா, மூட்டைக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கியே. பொண்ணு பாக்க வாராங்களா?"

"செவப்பு விதை, கறுப்பு விக்கிறது. ஞாபகம் வச்சுக்கோங்கண்ணே."

"சரிங்க டீச்சர்" என்றார். காதுகளை அவர் அப்போது தொட்டுப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும் என்பதைப் பல வருடம் கழித்துக் கல்லூரியில் ஒளியியல் வகுப்பில் படித்தேன். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன்.

மறுநாள் விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் செல்லம்மா அத்தையின் சத்தம் கேட்டது. இலங்கையில் எங்கள் தோட்டத்து லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் இருந்தவர். எங்களோடு அதே கப்பலில் வந்தவர். கணவர் இல்லை. கால் ஏக்கர் நிலம், ஆறு மூட்டை விதைக் கிழங்கு. கொட்டகையில் அந்த ஆறும் இல்லை.

"வெதையையா ஏத்திட்டுப் போனான்? வெதைக்கிற சாமானை எவனாச்சும் கொழம்புக்கு அனுப்புவானா? ஏங்கண்ணே, இனி மண்ணுல நான் எதப் போடுவேன்?"

அப்பா கட்டுப்போட்ட கையோடு அடுத்த பஸ்ஸில் ஒட்டன்சத்திரத்துக்கு ஓடினார். அதற்குள் மூட்டைகள் கைமாறி நாலு ஊருக்குப் போயிருந்தன.

இரண்டு நாள் கழித்து லாரி திரும்பி வந்தபோது, லாரி முதலாளியின் மைத்துனரும் கூடவே வந்து இறங்கினார். கொட்டகை முன்னால் கூட்டம். மீதி இருந்த விதைக் கிழங்கை அப்பா முந்தின நாளே அவரவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்; மூட்டைகளை அவிழ்த்துக் கூடைகளில் கொட்டிக் கொடுத்தவள் நான்.

"செவப்பு வட்டம் போட்டிருந்துச்சாம்ல? ஒனக்குக் கண்ணு அவிஞ்சா கெடக்கு?" என்றார் மைத்துனர்.

"அய்யா, அந்த இருட்டுல எனக்குக் கைதாங்க கண்ணு" என்றார் இருளப்பண்ணன். "ரெண்டு காதும் கையில சிக்குச்சு, தூக்குனேன். ஒத்தக் காதா இருந்தா நான் தொட்டிருப்பேனா? எத்தன வருசமா இந்தச் சோலி பாக்குறேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். காது இரண்டு என்றால் தப்பு கொட்டகையுடையது. கொட்டகை அப்பாவுடையது.

"புள்ள, வெதை மூட்டைக்குக் காது ஒண்ணுதானே விட்ட?"

"ஆமாப்பா. ஒண்ணுதான்" என்றேன். அது போதாதென்று தெளிவாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன்: "வட்டமும் சரியாத்தான் போட்டிருந்தேன். பாத்துத் தூக்க வேண்டியது அவர் பொறுப்பு."

இருளப்பண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். படிக்கிற புள்ள" என்றார். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அவைதான் ஏதோ பொய் சொல்லிவிட்டதைப்போல.

"நாளையிலேருந்து வண்டிக்கு வராதே" என்றார் மைத்துனர்.

செல்லம்மா அத்தை அந்தப் போகம் எதுவும் போடவில்லை. சாலை வேலைக்கு ஜல்லி சுமக்கப் போனார். நான் விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். அந்த வருடமும் வடிவியலில் எனக்குத்தான் முதல் பரிசு.

5

மறுநாள் காலை கோர்டனின் அறைக்குப் போனேன்.

"முடிவெடுத்துவிட்டீர்களா?"

"ஒரு சின்னச் சோதனை பாக்கி இருக்கிறது. பயனரின் இடத்தில் நீங்கள் உட்கார வேண்டும். ஒரு நிமிடம்தான்."

அவர் திரையில் ஏதோ ஒரு காகிதம் திறந்திருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. பிறர் கடிதத்தை வாசிக்கக் கூடாது என்று ஹாஸ்டலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் இருந்த நிறக் குமிழை, வானொலியின் சத்தத்தைக் குறைப்பதுபோல, கடைசிவரை திருப்பினேன். பச்சையும் நீலமும் போய் எல்லாம் சாம்பலானது.

"டோரதி பார்ப்பது இதைத்தான். இப்போது இந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி மூடுங்கள்."

கோர்டன் சிரித்தார். "இதை வரைய ஒப்புதல் கொடுத்ததே நான்தான்" என்றார். எலியை நகர்த்தினார். அம்பு மூலைக்குப் போனது. அங்கே நின்றது. இடது பக்கம் வந்தது. வலது பக்கம் போனது. முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். "பச்சை வலப்பக்கம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அமுக்கினார்.

காகிதம் மறைந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தார். அதில் இல்லை. குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தார். அதிலும் இல்லை. கடைசியில், நான் சத்தியமாகச் சொல்கிறேன், மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"என்ன காகிதம்?" என்று கேட்டேன்.

"உங்கள் சிபாரிசுக் கடிதம்" என்றார்.

அப்புறம் அவர், "அறையில் வெளிச்சம் போதவில்லை" என்றார்.

"அதைத்தான் நானும் எழுதப்போகிறேன்" என்று சொல்லி, அவர் முன்னாலேயே விசாரணைத் தாளின் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். கூடவே நான்கு வரிகள்: இரண்டு சதுரத்தையும் எதிரெதிர் மூலைகளுக்குக் கொண்டுபோக வேண்டும்; ஒன்றை வட்டமாக்க வேண்டும்; கடாசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்; வரைபவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது ஒற்றை நிறத் திரையில் வேலை பார்க்க வேண்டும்.

கோர்டன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சதுரங்களில் ஒன்று இடது மூலைக்குப் போயிருந்தது. குப்பைக் கூடை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

டோரதி வேலையில் இருக்கிறார். என் சிபாரிசுக் கடிதத்தை, பரண்மேல் போட்டிருந்த பழைய தட்டச்சு இயந்திரத்தை இறக்கி, அவர்தான் அடித்துக் கொடுத்தார். கோர்டன் கையெழுத்திட்டார். "நிதானமானவர்" என்ற சொல் இருந்தது. "கூட்டாகப் பணியாற்றத் தெரிந்தவர்" இல்லை. டோரதி வழக்கம்போல மிட்டாய் நீட்டினார். அன்று எடுத்துக்கொண்டேன்.

6

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். மூட்டைகளுக்கு எத்தனை காது வைத்தேன் என்பதை எழுதினேன். இந்த மலரில் அதைச் சொல்லப்போகிறேன் என்றும் எழுதினேன். அவர் கொட்டகையைவிட்டு வந்து வருடங்களாகிவிட்டன. இனி யாரும் அவரை வேலையைவிட்டு எடுக்க முடியாது.

பதில் வந்தது. அப்பா பேசுவதுபோலவே எழுதுவார்.

"காலிச் சாக்கு திரும்பி வந்தன்னிக்கே காதைப் பாத்துட்டேன் புள்ள. அந்தக் காதை அறுத்துப் போட்டதும் நான்தான். எனக்கும் சோலி போயிருமேன்னு பயந்தேன். செல்லம்மாவுக்கு மறு வருசம் எங்க வெதையில பாதியக் குடுத்தேன், ஏன்னு சொல்லல. இருளப்பனுக்கு என்ன குடுக்கிறதுன்னு தெரியல, அதான் அந்தப் பக்கமே போகல. மலர்ல இதையெல்லாம் எழுத வேண்டாம். பனியப் பத்தி எழுது. எல்லாரும் பிரியமா வாசிப்பாங்க."

அப்பா சொன்னால் கேட்க வேண்டும். இன்று காலையிலிருந்து பனி பெய்கிறது. வெள்ளையாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இதை வாசிப்பவர்களில் யாராவது ஒட்டன்சத்திரம் லாரியில் மூட்டை தூக்கிய இருளப்பண்ணனைத் தெரிந்திருந்தால், அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆகவே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். நாலு பக்கமும் வேண்டாம். இந்த மூன்று வரி போதும்:

அந்த ஆறு மூட்டைக்கும் இரண்டு காது இருந்தது.

தைத்தவள் நான்.

உங்கள் கை பொய் சொல்லவில்லை, அண்ணே.